கண் திறக்கக் கூலி

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு ராஜாவுக்குத் தன் மந்திரிகளைப் படமாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அடுத்த மாதம் பக்கத்துத் தேசத்துத் தூதர் வருகிறார். அதற்குள் கொலுமண்டபத்துச் சுவரில் எட்டு மந்திரிகளும் வரிசையாகத் தொங்க வேண்டும் என்றார்.

"நிஜமாகவே தொங்கவிட்டாலும் அடியேனுக்குச் சம்மதம்தான்" என்றான் விகடகவி உத்தண்டி. ராஜா சிரித்தார். எட்டுப் பேரும் சிரிக்கவில்லை.

அந்த ஊரில் முகம் வரைவதென்றால் மரகதம்தான். அரண்மனைச் சித்திரக்கூடத்தைச் சேர்ந்தவள் அல்ல. தேர்முட்டிக்கு எதிரே ஒரு பந்தல் போட்டு, தன் பெயரில், தன் கையை நம்பிப் பிழைத்தவள். பந்தல் வாசலில் பக்கத்துப் பூக்காரியின் படத்தை மாட்டி வைத்திருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்து, "முழம் என்ன விலை?" என்று கேட்டு ஏமாந்தவர்கள் ஊரில் பாதிப் பேர். அதைவிட நல்ல விளம்பரம் எவனுக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்!

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் கண் மூடிய முகமாகத்தான் வரைவாள். கடைசியில், கூலியைத் தாம்பூலத் தட்டில் வைத்த பிறகு, இமையின் மேல் வெள்ளை பூசிக் கருவிழி வைப்பாள். தூங்கிக்கொண்டிருந்த முகம் விழித்துப் பார்க்கும். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். கண் திறக்கும்வரை படத்தைத் துணி போட்டு மூடி வைப்பாள்.

இத்தனை திறமை இருந்து என்ன பயன்? விலை சொல்லத்தான் அவளுக்கு வாய் வராது. "முப்பது பணம்" என்பாள். எதிராளி புருவத்தைத் தூக்குவதற்குள், "இருபது கொடுங்கள் போதும்" என்பாள். அவன் யோசிப்பதற்குள், "சரி, பதினைந்து." பாவி மகள், கேட்காமலே குறைப்பாள்! பக்கத்தில் பூ வாங்க வந்த உத்தண்டி இதைப் பலமுறை பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறான்.

"அம்மா, உன் விலையை அவன் குறைக்கவில்லை, நீயே குறைக்கிறாய். விலையைச் சொல். சொல்லிவிட்டு வாயை மூடு. அவ்வளவுதான் வித்தை."

"வாயை மூடினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே அண்ணே!"

"அடித்துக்கொள்ளட்டும். அது அவனுக்குக் கேட்காது."

இப்படிப்பட்டவளை வரவழைத்தார் கருவூலத் தலைவர் திருமேனியார். எட்டு மந்திரிகளில் அவர்தான் மூத்தவர். காசு என்றால் கை இறுகும். உத்தண்டி என்றால் முகம் இறுகும்.

"ஏ பெண்ணே, எட்டு முகங்கள் எழுத வேண்டும். கூலி என்று எதுவும் கிடையாது. அரண்மனைச் சுவரில் உன் படம் தொங்குவதே உனக்குப் பெரும் பேறு. பார்க்கிறவர்கள் எல்லாம் 'யார் வரைந்தது?' என்று கேட்பார்கள். அந்தப் புகழே உன் கூலி."

"ஐயா, முகத்துக்கு முப்பது..." என்று இழுத்தாள்.

"மறுத்தால் உன் பந்தலைப் பிரித்துவிட்டுச் சித்திரக்கூடத்தில் சேர்த்துவிடுவேன். தினம் இரண்டு படி அரிசி கிடைக்கும். படத்தில் உன் பெயர் போட முடியாது."

மரகதம் அழுதுகொண்டே உத்தண்டியிடம் வந்தாள். "அண்ணே, ஒரு மாத உழைப்பு போனால்கூடப் போகட்டும். அரண்மனைக்கே சும்மா வரைந்தவள் எங்களிடம் மட்டும் ஏன் காசு கேட்கிறாய் என்று நாளைக்கு ஊர் கேட்குமே. அதற்கு நான் என்ன சொல்வேன்? பந்தலை நானே பிரிக்க வேண்டியதுதான்."

உத்தண்டி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு நேராகத் திருமேனியாரிடம் போய், "சொன்னதை ஓலையில் எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள், பெரியவரே. புகழ் வராமல் போனால் பாவம், அவள் யாரைக் கேட்பாள்?" என்றான். சல்லிக்காசு செலவில்லாத காரியம்தானே என்று அவரும் மகிழ்ச்சியாக எழுதிக் கொடுத்தார்.

மரகதம் இரவு பகலாக வரைந்தாள். எட்டுப் படங்களும் சுவரில் ஏறின. எட்டையும் பட்டுத்துணி போட்டு மூடியாகிவிட்டது. தூதர் வரும் நாள் காலையில் அவள் தாம்பூலத் தட்டோடு திருமேனியார் முன் நின்றாள்.

"ஐயா, கண் திறக்க வேண்டும்."

அவர் தட்டில் இருந்த வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, காலித் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். "கூலிதான் அப்போதே பேசியாகிவிட்டதே. போ, போ!"

போனாள். உத்தண்டி சொன்னபடியே, ஒரு பேச்சுப் பேசாமல் போனாள்.

தூதர் வந்தார். மேளம் முழங்கியது. ராஜா கையைத் தட்ட, எட்டுத் துணிகளும் ஒரே நேரத்தில் விழுந்தன.

மண்டபமே மூச்சடைத்துப்போனது. சுவரில் எட்டு மந்திரிகளும் அச்சு அசலாக இருந்தார்கள். எட்டுப் பேரும் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்! திருமேனியாரின் கீழுதடு, மதிய வேளையில் அவையில் எப்படித் தொங்குமோ அப்படியே தொங்கியது.

தூதர் வாயைப் பொத்திக்கொண்டு, "அற்புதம்! யார் வரைந்தது?" என்று கேட்டார்.

வாசல் காவலன்கூட எட்டிப் பார்த்து, "யார் வரைந்தது?" என்றான்.

ராஜாவின் முகம் சிவந்தது. "யார் வரைந்தது?" என்று உறுமினார்.

உத்தண்டி ஒரு கையில் ஓலையோடு, மரகதத்தையும் அழைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "வாழ்க மன்னா! கூலி வந்து சேர்ந்துவிட்டது. 'பார்க்கிறவர்கள் யார் வரைந்தது என்று கேட்பார்கள், அதுவே கூலி' என்று கருவூலத் தலைவர் முத்திரை வைத்துக் கொடுத்த ஓலை இது. தாங்களே கேட்டுவிட்டீர்கள். இனி பாக்கி ஏதும் இல்லை."

"கண்கள் ஏன் மூடியிருக்கின்றன?"

"கண் திறக்கக் கூலியைத் தட்டில் வைப்பது இவள் வழக்கம், மன்னா. புகழைத் தட்டில் வைக்க முயன்று பார்த்தோம். உட்காரவில்லை."

ராஜா திருமேனியாரைப் பார்த்தார். அவர், "அரண்மனைச் செலவை மிச்சம் பிடிக்கவே, மன்னா..." என்று இழுத்தார்.

"அயல்நாட்டார் முன் என் அவையையே தூங்க வைத்தீர். இதுதான் உமது மிச்சமா?" என்ற ராஜா மரகதத்தின் பக்கம் திரும்பினார். "பெண்ணே, தட்டில் என்ன வைக்க வேண்டும்?"

இருபது என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முகத்துக்கு முப்பது பணம், மகாராஜா."

சொல்லிவிட்டு வாயை மூடினாள். நெஞ்சு தடதடவென்று அடித்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லையே அவள்!

"கொடும்" என்றார் ராஜா. "உமது சொந்தப் பெட்டியிலிருந்து கொடும், திருமேனியாரே. இந்த மாதச் சம்பளமும் உமக்குப் புகழாகவே வரும். இனி இவள் பந்தலில் யாரும் கை வைக்கக் கூடாது."

தட்டு நிறைந்தது. மரகதம் தூரிகையை எடுத்தாள். ஒவ்வொரு முகமாகக் கண் திறக்க, சபை ஒவ்வொரு முறையும் 'ஆ!' என்றது. கடைசியாக விழித்த திருமேனியார் படம், சுவரிலிருந்து நிஜத் திருமேனியாரை முறைத்தது. தூதர் அவளைத் தன் ஊருக்கு வரும்படி அப்போதே அழைத்துவிட்டார்.

"எனக்கு ஒன்று வேண்டும். விலை?" என்றார் ராஜா.

"நாற்பது பணம், மகாராஜா."

"பத்து ஏன் அதிகம்?"

"மீசை."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாக, முப்பது பணம் இருந்த முடிப்பு ஒன்றை உத்தண்டியிடம் தூக்கிப் போட்டார். அவன் அதை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு, மரகதத்தின் காதருகே குனிந்தான்.

"அம்மா, என் முகத்தையும் ஒன்று வரைந்துவிடேன். நமக்குள் காசு எதற்கு? யோசனை சொன்னதே நான்தானே!"

"முப்பது பணம், அண்ணே" என்றாள் மரகதம். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

உத்தண்டி இளித்தான். கெஞ்சினான். புருவத்தைத் தூக்கிப் பார்த்தான். அவள் அசையவே இல்லை. கடைசியில் மடியிலிருந்த முடிப்பை எடுத்துத் தட்டில் வைத்தான். ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கிரீடமே கழன்று விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்த உத்தண்டிக்கு இன்னொரு முடிப்பு கிடைத்தது. அதை மட்டும் மரகதம் பார்க்காதபடி ஒளித்துக்கொண்டான்.