மார்போடு தைத்த மோவாய்

ராயப்பனின் கேஸ் ஷீட்டில் பத்தாம் நாளுக்குப் பிறகு பதினோரு தாள்களைக் காணவில்லை.

அறுவை சிகிச்சை மேற்படிப்பு மாணவன் மாதவராஜ் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டான். போன வருடம் நிமோனியாவில் ராயப்பன் இதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார். மூச்சுக்காக வாய்வழியே குழாய் இறக்கியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் கழுத்தில் துளையிட்டுக் குழாயை அங்கே மாற்றுவதைப் பற்றி யாராவது யோசித்திருக்க வேண்டும். இருபத்தொரு நாள் அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளே மூச்சுக்குழல் புண்ணாகி, ஆறும்போது சுருங்கிப்போனது. துறைமுகத்தில் மீன் ஏலம் கூறிய மனிதர், இப்போது கழுத்துத் துளையால் மூச்சு விட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதுகிறார்.

அப்படி விட்ட புண்ணியவான் யார்?

தாள்களை எடுத்தது யாரென்று அவனுக்குத் தெரியும். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஹமீதா அவற்றை மடித்துத் தன் கைப்பையில் வைத்ததைக் கண்ணால் பார்த்திருந்தான். மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்? அவரிடம் வேலை கற்க வந்து, இரண்டு வருடமாக வைத்திருந்த மரியாதை அன்றைக்கே கசந்துபோனது.

"மேடம், நடுவுல தாளைக் காணோமே?"

"எங்கிட்ட இருக்கு."

"பாக்கலாமா?"

"ஆபரேஷன் முடிஞ்சு எட்டாம் நாள் பாக்கலாம்."

கிழித்துப்போட அவகாசம் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் சுருங்கிய பகுதியை ஹமீதா வெட்டி எடுத்தார். இனி இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்தத் தையல் விட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். அவர் ஊசியை அவனிடம் நீட்டினார்.

பழியில் எனக்கும் பங்கு கொடுக்கப் பார்க்கிறாரா?

ஆனாலும் ஊசியை வாங்கிக்கொண்டான். வந்த கோபத்தில் ஒவ்வொரு தையலையும் இரண்டு முறை சரிபார்த்தான்.

கடைசியாக ராயப்பனின் மோவாயை மார்போடு சேர்த்து இரண்டு தையல் போட்டார்கள். மறந்துபோய் அண்ணாந்தால் உள்ளே இணைப்பு பிய்ந்துவிடும். ஏழு நாளும் அந்த மனிதர் தன் மடியைப் பார்த்தபடியே இருந்தார். மாதவராஜ் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. வார்டுக்கு ஹமீதா வரும்போதெல்லாம் கைப்பை மீதும் ஒரு கண் வைத்திருந்தான்.

எட்டாம் நாள் மோவாய்த் தையலை வெட்டினார்கள். ராயப்பன் மெல்ல நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சீலா மீன்... ஒரு கூடை... கேளுங்கய்யா!"

கரகரத்த குரல்தான். வார்டே சிரித்தது. மாதவராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்ததும் ஹமீதா கைப்பையைத் திறந்து தாள்களைக் கொடுத்தார்.

பதினோரு தாளிலும் ஒரே வரி: 'நேற்றைய சிகிச்சையே தொடரவும்.' கீழே கையெழுத்து.

அவனுடைய கையெழுத்து.

போன வருடம் சுழற்சி முறையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தபோது அவனுக்கு முப்பது கட்டில். எல்லா முகத்திலும் குழாயும் பிளாஸ்திரியும். ராயப்பன் என்ற ஒருவர் அங்கே இருந்ததே அவனுக்கு நினைவில்லை.

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடியே கேட்டான். "அவருக்கு இது தெரியுமா, மேடம்?"

"சம்மதம் வாங்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொன்னேன். 'அந்தத் தம்பியே தைக்கட்டும்'னு சிலேட்டுல எழுதினார்."

"அப்போ எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

ஹமீதா கைப்பையை மூடினார்.

"அவரை ஏழு நாள் தலை நிமிர விடல. உன்னை ஏழு நாள் தலை குனிய விடல. ரெண்டும் ஒரே தையலுக்காகத்தான், மாதவா."