ஒரு சாண்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பாமலே வைத்திருக்கிறேன். சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. அதனால் தூக்கிப் போடவும் முடியவில்லை. தொடக்கத்தை நம்புகிறேன். நடுவையும் நம்புகிறேன். முடிவில்தான் ஒவ்வொரு முறையும் தடுக்குகிறது.

சொன்னவர் கோதண்டம். கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த குதிரைப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தவர். நாற்பத்தாறு வயதில் குதிரை பழக்கக் கற்றுக்கொள்ளப் போனார். குரு ஜைனுலாபுதீன் அவரைவிட எட்டு வயது இளையவர். இவர் அவரை உஸ்தாத் என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

உஸ்தாத் பழக்கியது ஓட்டத்துக்கு அல்ல. ஓடக்கூடிய குதிரை, ஓடாமல், தன் பலத்தையெல்லாம் தனக்குள் சேர்த்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிக்க வேண்டும். பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் வந்து பாரத்தை வாங்க வேண்டும். ஐந்தாறு வருட வேலை. சாமரம் என்ற சாம்பல் நிறக் குதிரையை இருவரும் தொடங்கியிருந்தார்கள்.

"கழுத்தை எப்போ வளைக்கிறது, உஸ்தாத்?"

"நாம வளைக்கிறதே இல்லை, அண்ணே. பாரம் பின்னால போனா, கடைசியில அதுவா கொடுக்கும்."

இரண்டாம் வருடம் உஸ்தாத்தின் தாயார் கீழக்கரையில் படுத்த படுக்கையானார். உஸ்தாத் நான்கு மாதம் ஊருக்குப் போய்விட்டார்.

"திரும்பி வந்து பார்த்ததும் அவர் அசந்து போகணும்னு நினைச்சேன்," என்றார் கோதண்டம் என்னிடம். "வேற கெட்ட எண்ணம் ஒண்ணுமில்லீங்க."

கடிவாளத்தின் இரு பக்கமும் வார் மாட்டி வயிற்றுப் பட்டையோடு கட்டினார். வாரத்துக்கு ஒரு துளை இறுக்கினார். முதல் மாதம் குதிரை தலையை உதறியது. இரண்டாம் மாதம் உதறுவதை நிறுத்திவிட்டது. படிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். நான்காம் மாதம் கழுத்து வில்லாக வளைந்து மோவாய் மார்பைத் தொட்டது.

உஸ்தாத் வந்தார். கோதண்டம் ஏறி மைதானத்தை மூன்று முறை சுற்றிக் காட்டினார். உஸ்தாத் கழுத்தைப் பார்க்கவில்லை. பின்னங்கால்களையே பார்த்தார். அவை எங்கோ பின்னால், முன்பாதிக்குச் சம்பந்தமில்லாதவை போல, இழுபட்டு வந்தன.

"கோயில் தூண்ல செதுக்கின குதிரை மாதிரியே இருக்கு, அண்ணே."

கோதண்டத்துக்கு முகம் மலர்ந்தது.

"தூண் குதிரை எங்கேயாவது நடந்து போய்ப் பார்த்திருக்கீங்களா?"

கோதண்டம் குனிந்து குதிரையின் கழுத்தைப் பார்த்தார்.

"இறங்குங்க. எல்லாத்தையும் கழட்டுங்க."

கழற்றினார். குதிரையின் மேல் ஒரு வார்கூட இல்லை. கழுத்து அப்படியே மடங்கியிருந்தது.

உஸ்தாத் ஒரு பிடி குதிரைமசால் தழையைக் கோதண்டத்தின் கையில் கொடுத்தார். அவர் அதைக் குதிரையின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நீட்டினார். அது காலையிலிருந்து எதுவும் தின்னவில்லை. மூக்குத் துவாரங்கள் விரிந்தன. பிறகு அது ஓர் அடி பின்னால் போனது. அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். அது இன்னும் ஓர் அடி போனது. வேலி முட்டியதும் நின்று நடுங்கியது.

"பசிக்கலை போல," என்றார் கோதண்டம்.

உஸ்தாத் தழையை வாங்கித் தரையில் போட்டார். கோதண்டத்தின் கையைப் பிடித்து லாயத்துச் சுவருக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கிருந்து எட்டிப் பார்த்தார்கள். குதிரை கழுத்தை நீட்டித் தின்றுகொண்டிருந்தது.

"இப்போ வெளியே போய் நில்லுங்க."

கோதண்டம் போய் நின்றார். வாயில் பாதித் தழையோடு குதிரை கழுத்தை மடித்தது.

கோதண்டம் திரும்பி வந்து கேட்டார்: "நீங்க சரிபண்ணிடுவீங்கல்ல, உஸ்தாத்?"

"என்னைப் பார்த்து அது மடிக்கலையே, அண்ணே."

"அப்போ நான் என்ன செய்யணும்?"

"தினமும் கையில தழையோட நில்லுங்க. அதுவா நீட்டி வாங்கற வரைக்கும்."

"எத்தனை நாள்?"

"அதைத் தெரிஞ்ச ஆளா இருந்தா, கடிவாளத்தை உங்க கையில கொடுத்துட்டு நான் ஊருக்குப் போயிருப்பேனா?"

அதற்குப் பிறகு கோதண்டம் எந்தக் குதிரையின் மேலும் ஏறவில்லை. ஒன்பது வருடம், தினமும் காலையில், கையை நீட்டிக்கொண்டு நின்றார். குதிரை பின்வாங்கும். தழையைத் தரையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்.

கதையை எப்போதும் இப்படித்தான் முடிப்பார்: "ஒன்பதாம் வருஷம், மார்கழியில ஒரு காலையில போனேனுங்க. லாயத்துல படுத்திருந்தது. பக்கத்துல போய் உட்கார்ந்தேன். மடிக்கலை. கழுத்தை நல்லா நீளமா, என் கால் வரைக்கும் நீட்டியிருந்தது."

சொல்லிவிட்டு உள்ளங்கையைப் பார்ப்பார். நானும் நல்லது என்று சொல்லி எழுந்து வந்துவிடுவேன். எனக்கும் அந்த முடிவு வேண்டியிருந்தது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். மறுபடியும் சொன்னார். மறுபடியும் உள்ளங்கையைப் பார்த்தார். இந்த முறை நான் எழுந்திருக்கவில்லை.

"ஐயா," என்றேன், "நீங்க போய்ப் பக்கத்துல உட்கார்ந்தப்போ, அதுக்கு உயிர் இருந்ததா?"