விதையை அடைகாத்த கோழி

ஒரு காட்டில், அதுவும் வெயில் காய்ச்சியெடுக்கிற மலையடிவாரக் காட்டில், செம்பாத்தாள் என்று ஒரு காட்டுக்கோழி இருந்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான், கண்ணுகளா. அடைகாப்பது. எது உருண்டையாகக் கிடந்தாலும் அவளுக்கு அதன்மேல் உட்காரத் தோன்றும். கூழாங்கல்லின் மேல்கூட உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

அந்த வருஷம் அவள் இட்ட முட்டைகளை எல்லாம் ஓர் உடும்பு வந்து குடித்துவிட்டுப் போய்விட்டது. வெறும் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள் செம்பாத்தாள். இரை இறங்கவில்லை. கொக்கரிக்கவும் மறந்துபோனாள்.

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய நேரம். மின்னி என்ற தேன்சிட்டு கூடு கட்ட நார் தேடிப் போய், கீழே பங்களாத் தோட்டத்திலிருந்து ஒரு காய்ந்த தண்டைக் கவ்விக்கொண்டு பறந்து வந்தாள். அவளுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! கோழியைக் கண்டதும், "அக்கோவ், சாப்பிட்டாயா?" என்று வாயைத் திறந்தாள். தண்டு கீழே விழுந்தது. அதிலிருந்து பொடிப் பொடியாய் விதைகள் சிதறின.

"இது என்னடி, கடுகைவிடச் சின்னதாக?"

"அலிசம் விதை அக்கா! தரையோடு தரையாகப் படரும். பொரி கொட்டின மாதிரி வெள்ளையாகப் பூக்கும். கிட்டே போனால் தேன் வாசம் ஆளைத் தூக்கும். ஒன்று மட்டும்தான். பனிக்காலத்திலேயே முளைத்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அவ்வளவுதான்."

வேறு கோழியாயிருந்தால் கொத்தித் தின்றிருக்கும். செம்பாத்தாள் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தாள். திருப்பி மறு கண்ணால் பார்த்தாள்.

"அட பாவமே, தாயில்லாப் பிள்ளைகள்!" என்றாள்.

உடனே மண்ணைக் கிளறி மெத்தையாக்கினாள். விதைகளை அலகால் கூட்டினாள். இறக்கையை ஒரு உதறு உதறி, மேலே உட்கார்ந்துகொண்டாள்.

மின்னி பதறினாள். "அக்கா, அக்கா! அதன்மேல் உட்காராதே. பங்களாத் தோட்டக்காரர் விதையை மேலாகத் தூவுவதோடு சரி. மண்ணைப் போட்டுக்கூட மூட மாட்டார். வெளிச்சம் பட்டால்தான் கண் திறக்குமாம்."

"உங்கள் தோட்டக்காரர் இதுவரை எத்தனை குஞ்சு பொரித்திருக்கிறார்?" என்று கேட்டாள் செம்பாத்தாள்.

மின்னி தண்டை மறுபடி கவ்விக்கொண்டு, வாயைத் திறக்காமலே பறந்துபோனாள். அவள் வாழ்நாளில் நடக்காத அதிசயம் அது.

பனி கொட்டியது. கோழி அசையவில்லை. காலையில் மெல்ல எழுந்து வயிற்றுக்கடியில் பார்ப்பாள். விதை விதையாகவே கிடக்கும். "பிடிவாதக்காரப் பிள்ளைகள்" என்று கொஞ்சிவிட்டு, இன்னும் இறுக்கி உட்காருவாள். இறக்கை மெலிந்தது. கொண்டை வெளுத்தது. பனியும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. 'இந்தப் பிள்ளைகளும் எனக்கு இல்லையா?' என்ற பயம் அவள் நெஞ்சுக்குள் புகுந்துகொண்டது. பயம் வந்தால் அவள் என்ன செய்வாள்? இன்னும் இறுக்கி உட்காருவாள்.

மொட்டையன் என்று ஒரு முயல் இருந்தான். காட்டில் எங்கே எது துளிர்த்தாலும் முதலில் அவன் பல்லுக்குத்தான் சேதி போகும். அவன் வந்து எதிரே குந்தினான்.

"செம்பாத்தக்கா, உன்னிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும்."

"மெதுவாகப் பேசடா. பிள்ளைகள் தூங்குகிறார்கள்."

"நீ முதல்நாள் இறக்கையை உதறினாயே, அப்போது சில பிள்ளைகள் பறந்துபோய் அந்தப் பாறையோரம் விழுந்தார்கள். இவர்களுக்கு மட்டும் பஞ்சு மெத்தை, அவர்களுக்கு வெறுந்தரையா? பெற்றவள் இப்படி ஓரவஞ்சனை பண்ணலாமா?"

ஓரவஞ்சனையா! யாரைப் பார்த்து என்ன சொல்கிறான்! செம்பாத்தாள் விழுந்தடித்துக்கொண்டு பாறைக்கு ஓடினாள்.

அங்கே பனி நனைத்த மண்ணில், பட்டப்பகல் வெளிச்சத்தில், இரண்டிரண்டு குட்டி இலைகளோடு பச்சைப் பசேலென்று நின்றன கன்றுகள்.

அவள் திகைத்து நின்றாள். "இவர்களை யாரடா அடைகாத்தது?"

"யாரும் இல்லை அக்கா. அதனால்தான் முளைத்தார்கள்."

"இது உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். எழுந்திரு என்று சொல்லியிருந்தால் என் கண்ணைக் கொத்தியிருக்க மாட்டாயா?"

"அப்புறம் ஏன் தின்னாமல் விட்டுவைத்தாய்?"

"ஒரு வாய்க்குக் காணாது. வளரட்டும் என்றுதான்" என்று பல்லை இளித்தான் மொட்டையன்.

செம்பாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்படியானால், அவர்களுக்கு நான் வேண்டாமா?" என்றாள்.

கிளையிலிருந்து மின்னி கீழே குதித்தாள். "யார் சொன்னது? தோட்டக்காரர் சும்மாவா இருக்கிறார்? மத்தியான வெயில் சாய்ந்ததும் மேற்கே ஓலை மறைப்பு வைப்பார். வேர் அழுகாமல் அளவாகத் தண்ணீர் தெளிப்பார். உன்னிடம் இல்லாத ஓலையா அக்கா?"

கோழி தன் இறக்கையைப் பார்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் விதைமேல் உட்காரவில்லை. விடியலில் ஓடைக்குப் போய் நெஞ்சை நனைத்து வந்து, பாத்திமேல் ஒருமுறை சிலிர்ப்பாள். அவ்வளவுதான் தண்ணீர். வெயில் மேற்கே இறங்கினால், அந்தப் பக்கம் போய் ஓர் இறக்கையை விரித்து நிற்பாள். நிழல் விழும், வெளிச்சமும் விழும். மெத்தையில் கிடந்த விதைகளும் ஒவ்வொன்றாய்க் கண் திறந்தன. எல்லாம் இல்லை. முளைத்தவரைக்கும் போதும் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

பிறகு என்ன? தரையில் பொரி கொட்டிவைத்த மாதிரி பூத்தது. தேனீக்கள் வந்து ராகம் போட்டன. செம்பாத்தாள் காடே அதிரக் கொக்கரித்தாள்.

கோடை வந்தது. செடிகள் கொடிபோல் நீண்டு, பூ நின்று, சோர்ந்துபோயின. மொட்டையன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, மேலே மட்டும் கொஞ்சம் கடிக்கட்டுமா?"

கோழியின் கழுத்து இறகெல்லாம் நட்டுக்கொண்டது. ஆனாலும் மின்னியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும் அக்கா. தோட்டக்காரரும் கத்தரிப்பார்."

செம்பாத்தாள் பெருமூச்சு விட்டாள். "கடி. பாதிக்குக் கீழே உன் பல் இறங்கியதோ, தெரியும் சேதி!" என்று சொல்லிவிட்டு, பார்க்க மனம் வராமல் திரும்பி நின்றுகொண்டாள்.

கோடை மழை இரண்டு தூறல் போட்டது. வெட்டுப்பட்ட இடத்தில் எல்லாம் துளிர் வந்தது. வெயில் தணிந்ததும் முன்னைவிட நெருக்கமாகப் பூத்தது.

அந்தப் பூக்களுக்குப் பக்கத்திலேயே ஒரு முள்புதர். உடும்பு நுழைய முடியாத புதர். அதற்குள் செம்பாத்தாள் மறுபடி முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்தாள். மூன்று வாரம் போல ஆனதும் மொட்டையன் எட்டிப் பார்த்தான்.

"என்ன அக்கா, பழையபடி உட்கார்ந்துவிட்டாய்? எழுந்திரு. வெளிச்சம் படட்டும்!"

"போடா போக்கிரி!" என்றாள் செம்பாத்தாள். "அவர்கள் பக்கத்தில் நின்று வளர்க்க வேண்டிய பிள்ளைகள். இவர்கள் மேலே உட்கார்ந்து வளர்க்க வேண்டிய பிள்ளைகள்."

வயிற்றுக்கடியில் ஓர் ஓடு 'டிக்'கென்று விரிசல் விட்டது.

நீதி: பிள்ளைக்கு எது வேண்டும் என்று பார்த்து வைக்கிற பாசமே பிள்ளையை வளர்க்கும்.