தேரிக்காட்டுத் துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஊர். அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் பின்னால் ஆயுதக் கிடங்கு ஒன்று உண்டு. ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் அங்கே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். அடைத்தாலும் மேசைமேல் சிவப்பாகத் தூசி படியும்.

கிடங்குக்குப் பொறுப்பு ஏட்டு பிரம்மசக்தி. வயது முப்பத்தாறு. துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டும் வேலையைப் பத்து வருடமாகச் செய்கிறவர். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தாழும்.

அவரிடம் வேலை கற்க வந்தவர் சுயம்புலிங்கம். வயது ஐம்பத்திரண்டு. இருபத்து நாலு வருடம் போலீஸ் ஜீப்புகளைப் பழுது பார்த்தவர். இடுப்பு வலி வந்து வண்டிக்கு அடியில் படுக்க முடியாமல் போகவே, ஆறு மாதத்துக்கு முன் இங்கே மாற்றியிருந்தார்கள்.

அன்று நண்பகலில் சுயம்புலிங்கம் கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு கையில் எண்ணெய் டப்பா. மறு கையில் நாலு தாள்.

"ஏட்டம்மா, ஒரு கேள்வி. ஒரே கேள்விதான்."

"கதவைச் சாத்துங்க. மணல் வருது."

சாத்தினார். டப்பாவை மேசைமேல் ஓங்கி வைத்தார்.

"இது துப்பாக்கிக்குச் சரியான எண்ணெயா, இல்லையா?"

இந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. போன வாரம், திருட்டு மணல் அள்ளுகிறவர்களைப் பிடிக்க எஸ்.ஐ. ஆல்ட்ரின் தேரிக்குள் போனார். ஒருவன் அரிவாளோடு வந்தான். எஸ்.ஐ. வானத்தை நோக்கி ஒரு முறை சுட்டார். இரண்டாவது முறை சுட முடியவில்லை. கைத்துப்பாக்கியின் மேல்பகுதியை ஸ்லைடு என்பார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது பின்னால் போய் முன்னால் வர வேண்டும். அன்று பாதி வழியில் நின்றுவிட்டது. எஸ்.ஐ.க்கு விழவேண்டிய வெட்டைக் கை நீட்டித் தடுத்தவர் கான்ஸ்டபிள் கோயில்பிச்சை. அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

அந்தத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டவர் சுயம்புலிங்கம். விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் பதில் போக வேண்டும். பதில் சரியில்லை என்றால் வேலை போய்விடும்.

பிரம்மசக்தி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"சரியான எண்ணெய்தான்."

"அப்போ அதை எழுதிக் கொடுங்க. 'சரியான எண்ணெய்தான் போடப்பட்டது.' ஒரு வரி போதும். மிச்சத்தை நான் எழுதியாச்சு." தாள்களை ஆட்டிக் காட்டினார். "நாலு பக்கம். எஸ்.ஐ. உறையோட மூடியைப் போடாம துப்பாக்கியை ஜீப்புல வச்சது, ஜீப்புக்குக் கதவே இல்லாதது, எல்லாம் இருக்கு. ஒருத்தனையும் விடல."

"எவ்வளவு போட்டீங்க?"

"என்னது?"

"எண்ணெய். எவ்வளவு போட்டீங்க?"

"நல்லாப் போட்டேன். தாராளமாப் போட்டேன். தினமும் போட்டேன். இருபத்து நாலு வருஷத்துல என் கையால எண்ணெய் இல்லாம ஒரு வண்டி நின்னுச்சுன்னு எவனையாவது சொல்லச் சொல்லுங்க."

"ஜீப்புக்கு எண்ணெய் உள்ள இருக்கு, அண்ணாச்சி. மூடி போட்டு."

"இருக்கட்டும்."

"இதுக்கு மூடி கிடையாது."

சுயம்புலிங்கத்துக்கு முகம் சிவந்தது.

"அப்போ இந்த எண்ணெய் வேண்டாம். கிரீஸ் போட்டிருக்கலாமா? தேங்காய் எண்ணெயா? வாசனைத் தைலமா? எதுன்னு ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்."

"எங்க போற துப்பாக்கிக்கு?"

"துப்பாக்கின்னா துப்பாக்கிதானே?"

"கடல்ல ரோந்துப் படகுக்குப் போனா கொஞ்சம் கெட்டியாப் போடுவேன், உப்பு அரிக்காம இருக்க. மலைக்குப் போனா மெல்லிசா. முன்னாடி ஒரு புண்ணியவான் தேங்காய் எண்ணெயைப் போட்டு ஊட்டிக்கு அனுப்பினான். மார்கழி மாசம். வெண்ணெய் மாதிரி உறைஞ்சு போய்த் திரும்பி வந்துச்சு. நீங்க எங்க அனுப்பினீங்க?"

சுயம்புலிங்கம் வேறொன்றைச் சொன்னார்.

"ஏட்டம்மா, மெமோ எனக்கு மட்டும் வரல. பதிவேட்டுல 'பார்வையிட்டேன்'னு கையெழுத்துப் போட்டது நீங்க. உங்களுக்கும் வந்திருக்கு. நான் போனா நீங்களும் கூடத்தான் வருவீங்க. அதை மறந்துட்டுப் பேசாதீங்க."

பிரம்மசக்தி எழுந்தார். இரும்பு அலமாரியைத் திறந்து, குண்டு போடாத இரண்டு கைத்துப்பாக்கிகளை எடுத்தார். இரண்டும் ஒரே வகை. ஒன்றை சுயம்புலிங்கத்தின் முன்னால் வைத்தார்.

"எப்பவும் போடுற மாதிரி போடுங்க. அதே டப்பா."

சுயம்புலிங்கம் போட்டார். கோபத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போட்டார். துப்பாக்கி குளித்து எழுந்ததுபோல் மினுங்கியது.

பிரம்மசக்தி மற்றதைக் கழற்றினார். ஸ்லைடைப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்தார். கருப்பு இரும்பில் சில இடங்கள் மட்டும் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தன.

"இது என்ன?"

"தேய்மானம்."

"உரசுற இடம். எங்க வேணும்னு அதுவே சொல்லுது." அந்த இடங்களில் மட்டும் ஊசி முனையால் ஒவ்வொரு சொட்டு வைத்தார். விரலால் பரப்பினார். பிறகு பழந்துணியை எடுத்து அதையும் துடைத்தார்.

"துடைக்கவா போட்டீங்க?"

"ஆமா."

"இதுக்குப் போடாமலே இருந்திருக்கலாமே."

"இருந்து பாருங்க, இரும்பு இரும்பைத் தின்னும்."

இரண்டையும் இரண்டு கித்தான் உறைகளில் போட்டு மூடினார். உறைகளை சுயம்புலிங்கத்தின் இடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினார்.

"தேரிக்குள்ள தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டு வாங்க."

"இந்த வெயில்லயா?"

"அவங்களும் வெயில்லதான் போனாங்க."

போக வர அரை மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது சுயம்புலிங்கத்தின் புருவமும் மீசையும் சிவந்திருந்தன. கண்ணைக் கசக்கியபடி உறைகளை மேசைமேல் எறிந்தார்.

"மூடி போட்ட உறையிலயே கொண்டுபோனேன். நீங்களே பாருங்க."

பிரம்மசக்தி தாம் துடைத்த துப்பாக்கியை எடுத்தார். வாயால் ஊதினார். தூசி பறந்தது. ஸ்லைடை இழுத்து விட்டார். டக்கென்று போய் டக்கென்று வந்தது.

"உங்களுதை நீங்களே இழுங்க."

சுயம்புலிங்கம் இழுத்தார். ஸ்லைடு கரகரவென்று பின்னால் போனது. திரும்பி வரும்போது பாதி வழியில் நின்றது. இன்னொரு முறை இழுத்தார். அதே இடத்தில் நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுக்கச் செம்மண் குழம்பு.

அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கினார்.

"எண்ணெயைத் தடவிக்கிட்டு மண்ணுல புரண்டாலும் ஒட்டுறதுதான் ஒட்டும். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அன்னைக்கு அது நடக்கணும்னு இருந்திருக்கு."

பிரம்மசக்தி பழந்துணியை எடுத்தார். அந்தக் குழம்பை வழித்து எடுத்து, துணியை மடித்து, சுயம்புலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான் ஆஸ்பத்திரி. மேல் மாடி, மூணாவது கட்டில். இதைக் கோயில்பிச்சைகிட்டக் காட்டி, இதே பழமொழியைச் சொல்லிட்டு வாங்க."

சுயம்புலிங்கம் துணியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"போங்க, அண்ணாச்சி. இடது கையால சாப்பிடப் பழகிட்டிருக்கான். நீங்க விதியை எடுத்துச் சொன்னா ஆறுதலா இருக்கும்."

"ஏட்டம்மா."

"அவன் பொண்டாட்டியும் அங்கதான் இருக்கா. அவகிட்டயும் சொல்லுங்க."

வெளியே காற்று கதவை அறைந்தது. சுயம்புலிங்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழம்பு படிந்த துப்பாக்கியை எடுத்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். மண்ணெண்ணெயில் கழுவினார். துடைத்தார். ஸ்லைடைப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்து, தேய்ந்த இடங்களைத் தேடினார். ஊசி முனையால் சொட்டு வைத்தார். விரலால் பரப்பினார். துணியால் துடைத்தார்.

பூட்டி முடித்து ஸ்லைடை இழுத்து விட்டார். போய் வந்தது.

மணி நாலே கால்.

அவர் தம்முடைய நாலு தாள்களை எடுத்துப் புரட்டினார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நீங்க பதில் எழுதிட்டீங்களா?"

"காலையிலயே எழுதிட்டேன்."

"பார்க்கலாமா?"

பிரம்மசக்தி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் ஒரே வரி இருந்தது.

'துப்பாக்கியைத் திறந்து பார்க்காமலே, பார்வையிட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.'

கீழே பெயர், தேதி.

சுயம்புலிங்கம் அதை இரண்டு முறை படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். இல்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"எஸ்.ஐ.யைப் பத்தி ஒண்ணும் இல்ல. என்னைப் பத்திக்கூட ஒரு வார்த்தை இல்லையே. உங்களுக்கு என்மேல கோபமே வரலையா, ஏட்டம்மா?"

பிரம்மசக்தி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"எழுத உட்கார்ந்தப்போ எனக்கு ஆறு பக்கம் வந்துச்சு, அண்ணாச்சி. அதுல நாலு பக்கம் உங்களைப் பத்தித்தான். துடைச்சுட்டேன்."