அடியில் இருந்த குரல்

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் சின்ன மகள் ஷைனி. போன சாம்பல் புதன்கிழமை, கோயிலுக்குப் போய் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

கடைசிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. நோயாளிகள் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைப்பதை அங்கே பதிந்து வைப்பார்கள். பேசும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது வழக்கம்.

குரல்களுக்குத் தனி ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர் அணைந்து எழும்பினால், அந்த டிஸ்கை ‘குரல்’ என்ற ஃபோல்டரில் நாமே மவுண்ட் பண்ண, அதாவது இணைக்க, வேண்டும். பண்ணாவிட்டாலும் ஃபோல்டர் இருக்கும், வெறுமையாக; அப்போது அதில் போடுவது டிஸ்கில் சேராது, கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். இது ஷைனிக்கு மட்டும்தான் தெரியும்.

அவளிடம் வேலை படிக்க வந்தவர் தோபியாஸ். வயது ஐம்பத்தொன்று.

“மண்டையில ஏற நேரமாகும் டீச்சர். பிரம்பை எடுத்துராதீங்க” என்பார்.

ஷைனி லீவில் இருந்த அன்று கரண்ட் போய் வந்தது. தோபியாஸ் ரோசம்மாள் என்ற நோயாளியின் குரலைப் பதிந்து ‘குரல்’ ஃபோல்டரில் போட்டார். மறுநாள் ஷைனி வந்து டிஸ்கை மவுண்ட் பண்ணினாள். பழைய குரல்கள் தெரிந்தன. புதியது அடியில் மறைந்தது. இருவரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் ஷைனி, குரல்களெல்லாம் டிஸ்கில் பத்திரம் என்று நம்பி, கம்ப்யூட்டரை முழுக்க அழித்துப் புதிதாக ஓ.எஸ். போட்டாள்.

ரோசம்மாள் இறந்தாள். மகள் லீமா குவைத்திலிருந்து வந்து, அம்மா பதிந்த குரலைத் தரும்படி கேட்டாள்.

தேடினார்கள். இல்லை.

“அம்மா என்ன சொன்னாங்கன்னாவது தெரியுமாண்ணே?” என்றாள் லீமா.

பதியும்போது தோபியாஸ் கதவுக்கு வெளியே நின்றவர்.

லீமா போன பிறகு கேட்டார்: “சத்தியமா போட்டேன் டீச்சர். எங்க போட்டேன்?”

ஷைனி டிஸ்கைக் கழற்றி, வெறுமையான ‘குரல்’ ஃபோல்டரைக் காட்டினாள். “இங்கயா அண்ணே?”

“இங்கதான். பேரு அதுதானே.”

திரும்ப இணைத்தாள். இருநூறு குரல்கள் வந்து நின்றன.

“அப்போ நான் போட்டது?”

“இதுக்கு அடியில இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்.”

மேசையில் ஒரு நோட்டு. எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் என்று எழுத ஆறு வருஷத்துக்கு முன் வாங்கியது. அட்டையில் ஷைனி பெயர். உள்ளே ஒன்றுமில்லை. அதை அவரிடம் நீட்டினாள்.

“எழுதறேன் டீச்சர். கீழே, தப்பு தோபியாஸுதுன்னு போடட்டுமா?”

“வேண்டாம் அண்ணே. இதை இணைக்காம எதையும் வைக்காதீங்கன்னு எழுதுங்க. கீழே, தெரிஞ்சவ ஆறு வருஷமா எழுதலைன்னு போடுங்க.”

இன்றைக்கு ஜெபிக்கும்போது லீமாவின் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள்.