எல்லையில்லாத கவளம்

முன்னொரு காலத்தில் ஓர் அரண்மனையில் கம்ப்யூட்டர் இருந்தது. அந்தக் காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்காதீர்கள். கதைக்குக் கால் ஏது, கை ஏது!

படங்களையெல்லாம் சேமித்து வைக்கும் அதன் வட்டுக்குப் பொறுப்பு அரசவை விகடன் கச்சியப்பன். எதைச் சேமித்தாலும், வட்டில் இருந்த ஒரு மின் அட்டை, அதைக் கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து தானே நேராக அள்ளிக்கொள்ளும். ஆனால் ஓர் அள்ளுக்கு அறுபத்து நான்கு கிலோபைட்தான். வட்டை இயக்கும் டிரைவர் என்ற நிரலில் கச்சியப்பன் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தான். பெரிய படம் வந்தால் டிரைவர் அதைத் துண்டு போட்டு, வரிசையாகப் பட்டியலிட்டு அட்டையிடம் கொடுக்கும்.

கச்சியப்பனைக் கண்டாலே அமைச்சர் மாறநாயகத்துக்கு வயிறு எரியும். ஒருநாள் அந்த எண்ணை அரசரிடம் காட்டினார்.

"அரசே, தங்கள் அரண்மனையிலேயே இந்த விகடன் தங்களுக்கு எல்லை போட்டிருக்கிறான்."

அரசர் இளவழுதிக்கு மீசை துடித்தது. "இன்று முதல் என் அரண்மனையில் எந்தத் துண்டுக்கும் அளவு கிடையாது" என்று ஆணையிட்டார். அமைச்சர் ஓடிப்போய் எண்ணை அழித்து, 'எல்லை இல்லை' என்று எழுதினார்.

அன்று மாலை இளவரசியின் நடன அரங்கேற்றம். கேமராவில் எடுத்த படத்தை வட்டில் சேமித்துத் திறந்து பார்த்தால், இளவரசியின் கொண்டை மட்டும் தெரிந்தது. கீழே வெறும் புள்ளிகள். டிரைவர் மொத்தத்தையும் ஒரே துண்டாக நீட்ட, அட்டை தன்னால் முடிந்ததை அள்ளிக்கொண்டு மிச்சத்தைக் கைவிட்டிருந்தது. இளவரசி அழுதுவிட்டாள்.

"வட்டுக்குப் பொறுப்பு கச்சியப்பன்தானே அரசே" என்றார் அமைச்சர், ஒன்றும் தெரியாதவர்போல.

அரசர் கச்சியப்பனை அழைத்தார். "கேமராவில் படம் இன்னும் இருக்கிறது. நாளை மாலைக்குள் முழுதாகச் சேமித்துக் காட்டு. என் ஆணையை மீறி எல்லையும் போடக் கூடாது. முடியாவிட்டால் மனைவியோடு நாட்டை விட்டுப் போ."

நன்றாக மாட்டிக்கொண்டான் மனிதன். ஆனாலும் "உத்தரவு அரசே" என்று கும்பிட்டுவிட்டு, நேரே மடைப்பள்ளிக்குப் போனான்.

மறுநாள் மதியம் அரசர் உண்ண அமர்ந்தார். இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து, ஆட்டுக்கல் பருமனில் ஒரே ஒரு சோற்றுக் கவளத்தை இலையில் இறக்கினார்கள். குழம்பு, ரசம், மோர், பாயசம் எல்லாம் அதற்குள்ளேயே.

"இது என்ன கூத்து?"

"எந்தத் துண்டுக்கும் அளவு கிடையாது என்பது தங்கள் ஆணை, அரசே. ஒரே வாயில் உண்டருள வேண்டும்" என்றான் கச்சியப்பன்.

அரசர் கவளத்தைப் பார்த்தார். பிறகு மாறநாயகத்தைப் பார்த்தார். "எல்லை போட்டிருக்கிறான் என்று சொன்னவர் நீர். நீரே முதலில் உண்ணும்."

அமைச்சர் வாயைப் பிளந்து பார்த்தார். மூக்கில் ரசம், மீசையில் பாயசம், கண்ணில் சோறு. "வாய் கொள்ளவில்லை, அரசே" என்று திணறினார்.

"வயிறு கொள்ளும் அமைச்சரே, வாய்தான் கொள்ளாது" என்றான் கச்சியப்பன். "நான் எழுதியது அரசருக்குப் போட்ட எல்லை அல்ல, அட்டையின் வாய் அளவு. எத்தனை பெரிய படத்தையும் வட்டு தாங்கும். கவளம் கவளமாக ஊட்ட வேண்டும், அவ்வளவுதான்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கையாலேயே பழைய எண்ணை எழுதினார். மாலைக்குள் கொண்டை முதல் சலங்கை வரை இளவரசி முழுதாகத் திரையில் ஆடினாள்; அதைப் பார்த்து நேரிலும் ஒருமுறை ஆடினாள்.

"கச்சியப்பனுக்கு நூறு மூட்டை நெல்" என்றார் அரசர். "மாறநாயகமே, எல்லாவற்றையும் ஒரே நடையில் அவன் வீட்டில் சேர்த்துவிடும்."

அமைச்சர் மூட்டைகளைப் பார்த்தார். "அரசே, என் முதுகுக்கு எல்லை உண்டு" என்றார் மெதுவாக.

அரசர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். நூறாவது மூட்டை போய்ச் சேரும்வரை அவர் நிறுத்தவே இல்லை.