எதிர்க்கரைக்கு அழகான வீடு

“நம்மளையும் மனசுல வச்சு ஒருத்தர் வீடு கட்டியிருக்காரே, அதுதான் பெரிய விஷயம்” என்று சாரைப்பாம்பு தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டு போனது.

கோரைக்குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தூக்கணாங்குருவி வேணியின் காதில் அது விழுந்தது. அவள் குடிப்பதை விட்டுத் தலையை நிமிர்த்தினாள். பாம்பு புகழ்ந்தது, குருவிகளுக்காகக் கட்டிய வீட்டை.

நடந்தது இதுதான். ஆடிக் காற்றில் கரையோரக் கருவேல மரம் சாய்ந்துவிட்டது. அதில் கூடு கட்டி வாழ்ந்த நாற்பது குருவிக் குடும்பங்களுக்கும் இடமில்லை. தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கும் ஈச்ச மரத்துக்குப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் மயிலார் வந்தார்.

“ஈச்ச மரமா? அதுல நீங்க தொங்கினா வைக்கோலைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். எதிர்க்கரையிலிருந்து பார்க்கச் சகிக்காது. என்கிட்ட விடுங்க.”

இவ்வளவு அழகானவர் சொல்கிறார். யார் மறுப்பார்கள்?

புன்னை மரத்தடியில், மழை படாத இடத்தில், மயிலார் ஒரு குச்சியால் மண்ணில் படம் வரைந்தார். வானத்தைத் தொடும் மாடம். அடியில் தாமரை. மாடிக்கு மாடி தேன்சிட்டு. குருவிகள் வாயைப் பிளந்து பார்த்தன. பட்டுப்போன பனைமரம் ஒன்றை மரங்கொத்திகள் குடைந்து தந்தன. பன்னிரண்டு மாடி, மாடிக்கு நான்கு பொந்து. ஒவ்வொரு பொந்தின் வாசலிலும் காற்று வாங்க ஒரு விளிம்பு. எல்லா வாசலும் குளத்தைப் பார்த்து.

குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூடு கட்டியதும் நிறுத்திவிடும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்ப்பாள், நாரை இழுப்பாள், தொங்கி ஆடுவாள். பிடித்தால்தான் மீதிப் பாதி. பிடிக்காவிட்டால் பறந்துவிடுவாள். அவனும் கோபப்படாமல் வேறொன்று தொடங்குவான். இந்த முறை மட்டும் யாரும் பாதியில் பார்க்கவில்லை.

“பாதியில பார்த்தா அழகு தெரியாது. முடிஞ்சதும் பாருங்க” என்று மயிலார் சொல்லியிருந்தார்.

முடிந்தது. நேற்றுத் திறப்பு விழா. கூட்டம் நிமிர்ந்து பார்த்தது.

“நல்லா... உயரமா இருக்கு” என்றது நாரை.

எருமை, தன் முதுகில் நின்ற கொக்கிடம் கேட்டது: “இதுல முகம் எது, முதுகு எது?”

“மெதுவாப் பேசுங்கக்கா. காதுல விழப்போகுது.”

தவளைக்கு மட்டும் அடக்க முடியவில்லை. “அண்ணே, படத்துல தாமரை இருந்துச்சே?”

“அது படத்துக்கு” என்றார் மயிலார்.

“தேன்சிட்டு?”

“அதுவும்.”

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. உள்ளே ஏமாற்றம், வெளியே கைதட்டல். வேணியும் சிறகைத் தட்டிவிட்டு வந்தவள்தான். கூட்டத்தில் அவள் வாயே திறந்ததில்லை.

இப்போது அவள் நேரே மாடத்துக்குப் பறந்தாள். காற்று வாங்கும் விளிம்புகளைக் கீழிருந்து மேலே பார்த்தாள். ஒரு சாண் இடைவெளி. அடுத்தது, அதற்கடுத்தது. பாம்புக்குப் படிக்கட்டேதான். இன்னும் பதினைந்து நாளில் அவள் முட்டையிட வேண்டும்.

அவள் துணை பொன்னன் தயங்கினான். “எல்லாரும் சும்மா இருக்கும்போது நீ மட்டும் போய்ச் சொன்னா, மயிலண்ணன் என்ன நினைப்பாரு?”

“பாம்பு என்ன நினைக்குதுன்னு கேட்டுட்டேன். அவர் நினைக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்.”

வேணி குளத்தைக் கடந்தாள். எதிர்க்கரையில் மயிலார் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத் தன் மாடத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நீங்க அதுல எந்த மாடியில குடியிருக்கப் போறீங்க?”

“நானா? நான் இங்கேதான். இங்கிருந்து பார்த்தாத்தான் அது நல்லா இருக்கும்.”

“கட்டினதை உள்ளே போய்ப் பார்க்கிறது எங்க வழக்கம். ஒரே ஒரு தடவை வந்து பாருங்கண்ணே.”

“என் உடம்பு எப்படிம்மா அதுல நுழையும்?”

“தலை மட்டும் நுழைஞ்சாப் போதும்.”

இவ்வளவு சின்னக் குருவி கேட்கும்போது முடியாது என்று சொல்வது அழகாக இருக்காது என்று நினைத்தார் மயிலார். வந்தார். குனிந்து, தரையோரப் பொந்தில் தலையை விட்டார். அந்த நேரம் பார்த்துக் குளத்துப் பக்கமிருந்து மழை பிடித்துக்கொண்டது. சாரல் நேரே வாசலுக்குள் அடித்தது. பொந்தின் தரை உள்பக்கம் சரிவாக இருந்ததால் வந்த தண்ணீர் திரும்பிப் போகவில்லை. முதலில் மயிலாரின் அலகு நனைந்தது. பிறகு மூக்கு. தலையை எடுக்கப் பார்த்தார். கொண்டை மாட்டிக்கொண்டது.

அப்போது மேல்மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“கீழே குடிவந்தாச்சா? நான் பன்னிரண்டாவது வரைக்கும் ஏறிப் பார்த்துட்டேன். எங்கேயும் வழுக்கலை. விளிம்பு வச்சவர் நல்லா இருக்கணும்!”

கொண்டையில் இரண்டு இறகு போனால் போகட்டும் என்று மயிலார் தலையைப் பிடுங்கினார். நிமிர்ந்து பார்த்தார். சாரைப்பாம்பும் எட்டிப் பார்த்தது. வாழ்த்திய வாயை மூடிக்கொண்டு மரத்தின் அந்தப் பக்கமாக நழுவி மறைந்தது.

மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை எருமை குரலைத் தாழ்த்தவில்லை.

“குடியிருக்கிறவங்களைக் கேட்காமக் கட்டின வீடு எதிர்க்கரைக்குத்தான் அழகு. அதைக் கட்டும்போதே சொல்லாமக் கைதட்டினதுல நமக்கும் பங்கு இருக்கு.”

கொக்கு அவளை அடக்கவில்லை.

மயிலார் தோகை சொட்டச் சொட்டப் புன்னை மரத்தடிக்கு நடந்தார். மண்ணில் மாடம் அப்படியே இருந்தது. தாமரையும் தேன்சிட்டும்கூட. ஈரத் தோகையால் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் அழித்தார். குச்சியை எடுத்து வேணியின் முன்னால் வைத்தார்.

வேணி குச்சியைக் கவ்வி, முதலில் ஈச்ச மரத்தின் ஒரு மட்டையை வரைந்தாள். அதன் நுனியில் ஒரு கூட்டைத் தொங்கவிட்டாள். வாசலைக் கீழ்ப்பக்கமாக வைத்தாள்.